தாழ்ந்த தந்திகள்

சம்பா அறுவடை முடிந்து, வயல்களில் உளுந்தும் பயறும் பச்சை பிடித்திருந்த தவக்காலத்து மாலை அது. வாய்க்காலில் நீர் வற்றிப் படித்துறைக் கற்கள் வெளியே தெரிந்தன. கிளைக் கிராமம் ஒன்றில் நோயுற்றிருந்த மூதாட்டிக்கு நோயில்பூசுதல் அளித்துவிட்டு, இருட்டுகின்ற வேளையில் பங்கிற்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஊர் எல்லையை நெருங்கும்போதே கோயிலின் திசையிலிருந்து இடி உருளுவது போன்றதோர் ஓசை கேட்டது. மழைக்காலமன்று, வானத்தில் மேகமும் இல்லை. வண்டியை நிறுத்திவிட்டுக் கோயிலுக்குள் நுழைந்தோம்.

பாடகர் குழுவின் இளைஞர்களுள் ஒருவர், தனியே அமர்ந்து பேஸ் கித்தாரை மடியில் வைத்திருந்தார். ஒரு நேரத்தில் ஒரு தந்தியை மட்டும் மீட்டுவதுதானே அக்கருவியின் வழக்கம்! அவரோ வலக்கையின் விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கி, சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாய் வெளிப்புறம் தெறிக்கவிட்டு, நான்கு தந்திகளையும் ஒருசேர விசிறிக்கொண்டிருந்தார். உயர்ந்த வளைவுக் கூரை அந்த ஓசையை வாங்கித் திருப்பித் திருப்பி உருட்டியது. பீடத்தின் பக்கம் எரிந்த அணையா விளக்கின் கண்ணாடி அதிர்வதுபோலவும் நமக்குத் தோன்றியது.

நாம் சினந்தோம். அதை மறைப்பானேன்? “தம்பி, என்ன கூத்து இது? பேஸ் கித்தார் வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி. அஸ்திவாரம் மண்ணுக்குள்ளேதான் இருக்க வேண்டும். மேலே வந்து ஆடக் கூடாது” என்றோம். அவர் மறுமொழி ஏதும் கூறவில்லை. கருவியை உறையில் இட்டு, மின்கம்பியைச் சுருட்டி வைத்துவிட்டு, “சரிங்க சாமி” என்று சொல்லிச் சென்றார். அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

பங்குப் பேரவைப் பெரியவர்கள் சிலர், “சாமி கண்டித்தது நல்லதாயிற்று” என்று மகிழ்ந்தனர். நமக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மனத்தின் ஓரத்தில் ஒரு முள் இருந்துகொண்டே இருந்தது.

இசை நமக்கு முற்றிலும் அயலானதன்று. குருமடத்தில் படித்த நாள்களில் நாமும் கித்தார் பழகினோம். சிற்றாலயத்தில் பாடல்களுக்கு மீட்டினோம். பேஸ் கித்தாரைப் பற்றி நாம் கற்றதெல்லாம் ஒரே பாடம்தான்: அது தாங்குகின்ற கருவி. அமெரிக்கரான லியோ ஃபெண்டர் 1951-இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் ஆளுயரமுள்ள டபுள் பேஸைச் சுமந்து திரிந்த இசைஞர்கள், அதன் பிறகு தோளில் மாட்டிக்கொள்ளும் கருவியைப் பெற்றனர். அதில் பொதுவாக நான்கு தந்திகள். அவற்றுள் தாழ்ந்த தந்தி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. காதால் கேட்பதைவிட நெஞ்சுக்கூட்டால் உணர்வதே அதிகம். இளையராஜாவின் பாடல்களில் சசிதரனும், ஏ. ஆர். ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்சும் வாசித்த பேஸ் ஓட்டங்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நம்முடையது. பாடலைப் பாடிக் காட்டு என்றால் மெட்டைப் பாடுவோம். அந்த ஓட்டத்தை எவரும் பாடுவதில்லை. ஆயினும் அதை எடுத்துவிட்டால் பாட்டு நிற்க இடமின்றித் தள்ளாடும். அதனால்தான் அஸ்திவாரம் என்றோம். உவமை தவறன்று. அதை யாரிடம் சொன்னோம் என்பதில்தான் தவறு இருந்தது. அதை அப்போது நாம் அறியவில்லை.

மூன்றாம் வாரம் அவருடைய வீட்டிற்குச் சென்றோம். வாய்க்காலுக்கு அப்பால், பங்கின் கடைசித் தெரு அது. தந்தை இல்லை. தாய் நடவுக்கும் களையெடுப்புக்கும் சென்று பிள்ளைகளை வளர்த்தவர். வளைகுடா நாட்டில் வேலை செய்யும் அண்ணன் அனுப்பிய பணத்தில் வாங்கியது அந்தக் கித்தார். திண்ணையில் வயது முதிர்ந்த தாத்தா அமர்ந்திருந்தார். நம்மைக் கண்டதும் துண்டை இடுப்பிற்கு இறக்கிக்கொண்டு எழ முயன்றார். வேண்டாம் என்று தோளைத் தொட்டு அமர்த்தினோம்.

“என் மேலே கோபமா தம்பி?” என்று இளைஞரைக் கேட்டோம்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்: “கோபம் இல்லீங்க சாமி. அஸ்திவாரம்னா மண்ணுக்குள்ளதான் கெடக்கணும்னு சொன்னீங்க. எங்க தாத்தா காலத்துலயும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் வரத் தோணல.”

தாத்தா தப்புக் கலைஞர். பறை என்று பிற இடங்களில் சொல்லும் கருவியைத் தஞ்சைப் பகுதியில் தப்பு என்பார்கள். வைக்கோலைக் கொளுத்தித் தோலைச் சூடேற்றி, நீண்ட மெல்லிய குச்சி ஒரு கையிலும் குட்டையான தடித்த குச்சி மறு கையிலுமாக அவர் அடிக்கத் தொடங்கினால் அக்கம்பக்கத்து ஊர்கள் நின்று கேட்குமாம். சாவு வீட்டில் அடித்தார். திருவிழாவில் தேருக்கு வெகுதூரம் முன்னால் அடித்தார். கோயில் வாசற்படியை மட்டும் தப்போடு ஒருநாளும் தாண்டியதில்லை. தாண்டக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கவில்லை. எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை. இதைச் சொன்னபோது முதியவர் பல்லில்லாத வாயால் சிரித்து, “நம்ம கருவிக்குப் பேரே தப்புதானுங்களே சாமி” என்றார். நம்மால் சிரிக்க இயலவில்லை.

“தாத்தா குச்சியில கொண்டுவர்ற உருட்டு இருக்குல்லீங்க, அதத்தான் நான் இந்தக் கித்தார்ல தேடுறேன். ஸ்பெயின் நாட்டுக்காரங்க கித்தார்ல விரலாலேயே அந்த உருட்டக் கொண்டுவர்றாங்க சாமி. படத்துல பாத்தேன். சாதாக் கித்தார்ல வருது. பேஸ்ல ஏன் வரக்கூடாது?” என்றார் இளைஞர்.

அடுப்படியிலிருந்து தாயின் குரல் கேட்டது: “தப்ப விட்டு வெளிய வரணும்னுதான் சாமி இதுகளப் படிக்க வச்சேன். இவன் சுத்திச் சுத்தி அங்கேயே போயி நிக்கிறான்.” அந்தக் குரலில் இருந்த வலியையும் நாம் இங்கே பதிவு செய்தாக வேண்டும். தப்பை விடுதலையின் முழக்கமாகக் கையில் எடுப்போர் உண்டு. அதைச் சுமத்தப்பட்ட இழிவின் அடையாளமாகக் கண்டு தூக்கி எறிந்தோரும் உண்டு. ஒரே வீட்டுக்குள் இரண்டும் இருந்தன.

அன்று அந்தத் திண்ணையில், மின்சாரத்தோடு இணைக்காத கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு அவர் நமக்குப் பாடம் நடத்தினார். ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியான அந்தலூசியாவில் வளர்ந்த ஃபிளமெங்கோ இசையில் இந்த விரல் வீச்சுக்கு ‘ராஸ்கியாதோ’ என்று பெயர். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், சுட்டுவிரல் என்று வரிசையாய் நகத்தின் முதுகு தந்திகளில் உரசிச் செல்லும். இறுதியில் சுட்டுவிரல் கீழிருந்து மேலே திரும்பும். இடைவெளியின்றி இதைச் சுழற்றினால் தனித்தனி அடிகள் மறைந்து ஒரே உருட்டாகிவிடும். நைலான் தந்தி பூட்டிய கித்தாருக்கு இது இயல்பாய் வரும். பேஸ் கித்தாரின் கதை வேறு. அதன் தாழ்ந்த தந்தி உலோகத்தால் ஆனது. இரண்டரை மில்லிமீட்டருக்கும் மேல் தடிமன் கொண்டது. தந்திகளுக்கு இடையிலுள்ள தூரமும் அதிகம். பழகிய முதல் வாரத்திலேயே நகம் பிளந்து குருதி கசிந்ததாம். ஃபிளமெங்கோ கலைஞர்கள் நகத்தின் மேல் பசை தடவி உறுதிப்படுத்துவார்கள் என்று அறிந்து தாமும் அவ்வாறே செய்திருந்தார். வண்டியில் பூட்டிய மாட்டின் கழுத்துபோல் காய்த்துப்போன விரல்களைக் காட்டினார்.

“நீங்க அன்னைக்குக் கேட்டது சத்தம்தான் சாமி, அது பாட்டில்ல. எனக்கே தெரியும்” என்றார். காரணத்தையும் விளக்கினார். மேல் சுரங்களில் ச, க, ப என்று மூன்றை ஒன்றாய் ஒலித்தால் இனிமை. அதையே ஆழ்ந்த மந்தரத்தில் நெருக்கி ஒலித்தால், அதிர்வுகள் ஒன்றோடொன்று மோதிச் சேற்றில் மிதித்தாற்போல் குழம்பிவிடும். ஆகவே சுரங்களுக்கு இடைவெளி தர வேண்டும். தாழ்ந்த தந்தியில் ச, அடுத்ததில் ப, அதற்கடுத்ததில் மேல் ச, கடைசித் தந்தியில் அதற்கும் மேலான க. காந்தாரத்தை அதன் இடத்திலிருந்து ஒரு தானம் உயர்த்திவிட்டால் சேறு தெளிந்துவிடுகிறது. அதுவும் கழுத்தின் நடுப்பகுதிக்குச் சென்று பிடித்தால்தான் தெளிவு. வலக்கை, தந்தி விறைப்பாய் இருக்கும் கடைக்கோடியில் மீட்டாமல், கழுத்து முடிகிற இடத்தருகே மீட்ட வேண்டும். அங்கே தந்தி விரலுக்கு இணங்கும். எல்லாவற்றிற்கும் மேலாக, மீட்டிய மறுகணமே இடக்கையின் பிடியைத் தளர்த்தி ஓசையை நிறுத்த வேண்டும்.

“அடிக்கிறது பாதிதான் சாமி, நிறுத்துறதுதான் மீதி” என்றார்.

“எங்ககிட்டயும் அதே கணக்குதான்” என்றார் தாத்தா திண்ணையிலிருந்து.

ஃபிளமெங்கோ கலைஞர்கள் மீட்டுவதற்கு நடுவே கித்தாரின் பலகையை விரலால் தட்டுவதுண்டு. அதற்குக் ‘கோல்பே’ என்று பெயர். உள்ளே கூடாக உள்ள கித்தாரில் அது முரசுபோல் ஒலிக்கும். அவருடைய பேஸ் கித்தாரோ கெட்டிக் கட்டை. தட்டினால் ஓசை எழாது. ஆகவே தந்திகளை இடக்கையால் அமுக்கி ஊமையாக்கி, வலக்கையால் அவற்றின் மேலேயே அடித்தார். ‘டக்’ என்று தோலில் குச்சி விழுந்தது போன்ற ஓசை எழுந்தது. முதியவரின் விரல்கள் தாமாகவே திண்ணையைத் தட்டத் தொடங்கின.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அடுத்த சில வாரங்களில் இது குறித்துத் தேடிப் படித்தோம், அறிந்தவர்களைக் கேட்டோம். அந்த இளைஞர் செய்தது ஏதோ பொறுப்பற்ற விளையாட்டு என்ற நம் எண்ணம் ஒவ்வொரு பக்கமாய்க் கரைந்தது.

அமெரிக்க இசைஞரான லெஸ் கிளேபூல் பேஸ் கித்தாரை ஃபிளமெங்கோ முறையில் விசிறி மீட்டுவதில் பெயர் பெற்றவர். ஃபிளமெங்கோவின் தாயகத்திலேயே அந்த இசையில் பேஸ் கித்தாருக்கு முதலில் இடம் இருக்கவில்லை. கித்தார் மேதை பாக்கோ தெ லூசியா (1947–2014) தம் குழுவில் பார்சிலோனாவைச் சேர்ந்த கார்லஸ் பெனவெந்த்தை அமர்த்தியபோது அதற்கு இடம் பிறந்தது. அதே பாக்கோதான் பெரு நாட்டிலிருந்து ‘கஹோன்’ என்னும் மரப்பெட்டி முரசையும் கொண்டுவந்து சேர்த்தார். ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தோர் பெட்டியையே முரசாக்கி வளர்த்த கருவி அது. இன்று அதில்லாத ஃபிளமெங்கோ மேடையைக் காண்பது அரிது. நம் நாட்டுப் பாடகர் குழுக்கள் பலவற்றிலும் அந்தப் பெட்டி அமர்ந்திருக்கிறது. அதன் வரலாற்றை எவரும் கேட்பதில்லை. ஆகையால் எவரும் தடுப்பதுமில்லை!

ஃபிளமெங்கோவை வளர்த்ததில் பெரும் பங்கு ‘ஹித்தானோ’ எனப்படும் நாடோடி மக்களுடையது. அவர்களுடைய மூதாதையர் பல நூற்றாண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து புறப்பட்டுச் சென்றவர்கள் என்பதற்கு ரோமானி மொழியே சான்று. போன இடமெல்லாம் இகழப்பட்ட மக்கள் அவர்கள். அவர்களுடைய புலம்பலும் களிப்பும் கலந்த இசை, 2010-இல் யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. புனித வாரத்தில் செவில் நகர வீதிகளில் பாடுபட்ட இயேசுவின் சுரூபமும் வியாகுல அன்னையின் சுரூபமும் பவனி வரும்போது, மாடத்தில் நிற்கும் ஒருவர் திடீரெனக் குரலெடுத்துப் பாடுவார். பவனி நின்றுவிடும். ‘சாயெத்தா’ எனப்படும் அந்தப் பாடலுக்குப் பக்கக் கருவி கிடையாது, வெறும் குரல். தவக்காலத்து இரவுகளில் நம் கோயில்களில் வியாகுலப் பிரசங்கம் இழுத்து வாசிக்கப்படுவதைக் கேட்டவர்களுக்கும், சாவு வீட்டு ஒப்பாரியைக் கேட்டவர்களுக்கும் அது அயலாய்த் தோன்றாது.

நம் தஞ்சையின் வரலாறோ இன்னும் வெளிப்படையாக நம்மைக் கண்டித்தது. பலாமரத்தைக் குடைந்து செய்யும் தஞ்சாவூர் வீணையைப் பாருங்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற கருவி அது. நான்கு தந்திகளில் சுட்டுவிரலும் நடுவிரலும் பண்ணை மீட்டும். பக்கவாட்டில் உள்ள மூன்று தாளத் தந்திகளைச் சுண்டுவிரல் கீழிருந்து மேலாகத் தெறித்துத் தாளத்தைக் காக்கும். பண்ணும் தாளமும் ஒரே கையில்! சுண்டுவிரலால் தந்தியைத் தெறிப்பது ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்த புதுமை என்று நாம் எண்ணியிருந்தோம். அது நம் ஊரில் நாள்தோறும் நடக்கிறது.

இரண்டாம் சரபோஜி (1798–1832) மேனாட்டு இசைக்குழு ஒன்றையே அரண்மனையில் வைத்திருந்தார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு மேனாட்டு வயலினில் தேர்ந்தார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-இல் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். இன்று வயலின் இல்லாத கருநாடக இசைக் கச்சேரி உண்டா? மாயூரத்தில் முன்சீபாக இருந்த நம் கத்தோலிக்கப் பெருமகனார் வேதநாயகம் பிள்ளை கீர்த்தனைகள் இயற்றினார். சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த ஆபிரகாம் பண்டிதர் தஞ்சையில் இருந்துகொண்டு 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்டார். கடல் கடந்து வந்த கருவிகளுக்கெல்லாம் பாய் விரித்த மண் இது. வாய்க்கால் கடந்து வர வேண்டிய கருவிக்கு மட்டும் அது பாய் விரிக்கவில்லை.

திருச்சபையின் ஏடுகளையும் புரட்டினோம். 1903-இல் திருத்தந்தை பத்தாம் பயஸ், ஆலயத்தில் பியானோவையும் முரசு, கைத்தாளம் போன்றவற்றையும் விலக்கி ஆணையிட்டார். அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1963 டிசம்பர் 4-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, குழலுறுப்புகள் கொண்ட ஆர்கனுக்கு உயர்ந்த மதிப்பளித்தது. அதே வேளையில், தூய பயன்பாட்டுக்கு ஏற்றவையாய், ஆலய மாண்புக்கு இசைந்தவையாய், நம்பிக்கையாளரின் ஞான வளர்ச்சிக்கு உதவுபவையாய் இருக்கும் பிற கருவிகளுக்கும் கதவைத் திறந்தது. 1967-இல் வந்த திருஇசை பற்றிய ஏடு, அந்தந்த மக்களின் பண்பாட்டைக் கருத்திற்கொள்ளச் சொன்னது. ஆனால் பொதுக் கருத்தின்படி உலகியல் இசைக்கு மட்டுமே உரிய கருவிகளை விலக்குமாறும் சொன்னது.

பொதுக் கருத்து! குருமடத்தில் இந்தப் பகுதியைத் தேர்வுக்காகப் படித்தோம், விடை எழுதினோம், மதிப்பெண்ணும் பெற்றோம். பொதுக் கருத்து என்பது எவருடைய கருத்து என்று ஒருநாளும் கேட்டதில்லை. நம் பங்கில் அதை முடிவு செய்தவர்கள் முன்வரிசையில் அமர்ந்தவர்கள். கடைசித் தெருவின் கருத்து அந்தப் பொதுவுக்குள் எண்ணப்பட்டதா? கட்டுவோர் விலக்கிய கல்லைப் பற்றி எத்தனை மறையுரை ஆற்றியிருப்போம்! அஸ்திவாரம் மண்ணுக்குள் கிடக்கட்டும் என்று நம் வாயாலேயே சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிறு அந்தக் கல்லைப் பற்றிப் பேசும் துணிவு நமக்கு எங்கிருந்து வந்தது?

பங்குப் பேரவையில் பேச்சு எழுந்தது. பெரியவர் ஒருவர் எழுந்து, “சாமி, இன்றைக்குக் கித்தாரில் தப்படியை அனுமதித்தால் நாளைக்குத் தப்பே உள்ளே வரும்” என்றார். கூட்டத்தில் அமைதி நிலவியது. அவர் தீயவரல்லர், கோயிலுக்காக உழைத்தவர். கோயிலின் மாண்பு குறித்த அவரது கவலையில் உண்மையும் இருந்தது. “ஐயா, தப்பு வரலாமா என்பது வேறு கேள்வி, அதையும் ஒருநாள் பேசத்தான் வேண்டும். இப்போது ஒரு பிள்ளை கோயிலுக்கு வராமல் இருக்கிறான். அவனை வரச் சொல்லலாமா என்பதே இன்றைய கேள்வி” என்றோம். அது முழுமையான விடையன்று என்பதை நாம் அறிவோம். பாதிப் பேச்சில் பதுங்கிக்கொண்டோம்.

இளைஞர் வந்தார். தவக்காலத்தில் பாடலைத் தாங்குவதற்கு மட்டுமே கருவிகள் ஒலிக்கலாம் என்ற திருவழிபாட்டு ஒழுங்கைச் சொன்னோம். அவர் அதை மனமார ஏற்றார். வாரந்தோறும் பழைய முறையிலேயே ஒற்றைச் சுரமாய், அடங்கி வாசித்தார். பெரிய வியாழன் இரவு ‘உன்னதங்களிலே’ பாடி முடிந்ததும் மணிகள் ஓய்ந்தன, மரக்கட்டை ஒலித்தது. கித்தார் உறைக்குள் சென்றது. நிறுத்துவதுதான் மீதி என்று அவர் சொன்னதை அந்த மௌனத்தில் நினைத்துக்கொண்டோம்.

புனித வெள்ளிக்கு முந்திய வாரத்தில் ஒருநாள் நண்பகல், ஆளில்லாத கோயிலுக்குள் அவர் தனியே நின்று கைதட்டிக்கொண்டிருப்பதைக் கண்டோம். தட்டிய ஓசை கூரையில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தார். தாழ்ந்த ஓசை இந்தக் கோயிலில் எளிதில் அடங்குவதில்லை என்று கண்டுகொண்டு, ஒலிபெருக்கியில் மந்தரத்தைக் குறைத்தார்; பெட்டியைச் சுவரை விட்டு நகர்த்தி மக்களை நோக்கித் திருப்பினார்; உருட்டின் வேகத்தையும் குறைத்துக்கொண்டார். ஆலய மாண்பு என்ற சொல்லை நாம் வாயால் சொன்னோம். அவர் அதைக் கைதட்டி அளந்துகொண்டிருந்தார்.

பாஸ்கா திருவிழிப்பு. புது நெருப்பு மூட்டிப் பாஸ்கா மெழுகுதிரியை ஏந்தி இருளுக்குள் நுழைந்தோம். பழைய ஏற்பாட்டு வாசகங்கள் முடிந்தன. “உன்னதங்களிலே” என்று நாம் தொடங்கியதும் விளக்குகள் எரிந்தன. பீடச் சிறுவர்கள் மணிகளை அடித்தனர். கோபுரத்து மணியும் முழங்கியது. மணியோசையின் அடியிலிருந்து அந்த உருட்டு எழுந்தது. எட்டே ஆவர்த்தனங்கள். சேறாக இல்லை, இடியாகவும் இல்லை. கல்லறைக் கல் உருள்வதாக நாம் கற்பனை செய்துகொள்ளலாம். ஆனால் உண்மையில் கேட்டது ஒரு தப்பின் ஓசைதான். அதன்பின் அவர் கையை அமர்த்தி, வழக்கமான ஒற்றைச் சுரத்துக்கு இறங்கி, மக்கள் பாடுவதற்கு இடம் விட்டார்.

தாத்தா அன்று வந்திருந்தார். உள்ளே இடமிருந்தும் பழக்கம் காரணமாக வாசல் மண்டபத்திலேயே அமர்ந்திருந்தார். திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது அவர் நம் கையைப் பற்றி, “உள்ளேருந்து கேட்டுச்சு சாமி” என்று மட்டும் சொன்னார். தாயார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விலகி நின்றார். மகிழ்ச்சியா, பழைய வேதனையா என்று நம்மால் பிரித்தறிய இயலவில்லை. பேரவைப் பெரியவர் நமக்கு உயிர்ப்பு வாழ்த்துக் கூறினார். இசையைப் பற்றி ஏதும் சொல்லவில்லை.

இது நடந்து ஈராண்டுகள் ஆகின்றன. முதியவர் சென்ற மார்கழியில் இறந்துபோனார். அவருடைய அடக்கத் திருப்பலியில் பேரன் கித்தாரைத் தொடவில்லை. தாத்தாவின் தப்பை எடுத்து, கோயில் வாசற்படிக்குக் கீழே நின்று, அவர் வாழ்நாளெல்லாம் நின்ற அதே இடத்தில் நின்று அடித்தார். அடித்து முடித்துவிட்டு நம்மிடம் வந்தார். சூடு ஆறாத தோலில் கை வைத்தபடி, “அடுத்த பாஸ்காவுக்கு இதையே உள்ள கொண்டு வரலாங்களா சாமி?” என்று கேட்டார்.

அம்மா என்ன சொல்கிறார் என்று திருப்பிக் கேட்டோம். “அம்மாகிட்டயும் கேக்கணும் சாமி. மொதல்ல நீங்க சொல்லுங்க” என்றார்.

தாவீது யாழ் மீட்டிச் சவுலின் மனத்துயரைத் தணித்ததை மறையுரையில் சொல்கின்றோம். முரசும் நரம்பும் குழலும் கைத்தாளமுமாய்க் கருவிகளையெல்லாம் பெயர் சொல்லி அழைக்கும் 150-ஆம் திருப்பாடலைச் செபிக்கின்றோம். அந்த அழைப்பில் வாசற்படியைப் பற்றிய நிபந்தனை எதையும் நாம் கண்டதில்லை. மறுப்பதற்கு ஏடுகளிலும் நமக்கு ஆதாரம் இல்லை. துணிவு ஒன்றுதான் குறைவாக இருந்தது.

இந்த மாதப் பேரவைக் கூட்டத்தின் பொருள் நிரலில் அந்தக் கேள்வியை நம் கையாலேயே முதலாவதாக எழுதியிருக்கின்றோம். நமக்காகச் செபியுங்கள்.